பூட்டி வைத்தவன்

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகின்றது. ஏடெழுதுவோரின் கைப்பிழையும் படிப்போரின் வாய்ப்பிழையும் நூல்களுக்கு விளைத்த கேட்டை நன்கறிந்த யாரோ ஒருவர் மனம் நொந்து சொல்லிவைத்தது அது. ஆனால் அவர் இருவரை மாத்திரமே குற்றவாளிகளாக்கினார். மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் எழுதவுமில்லை; படிக்கவுமில்லை. ஏட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறவுகோலை மடியிற் செருகிக்கொண்டு திரிந்தான். எழுதினவன் கெடுத்தது ஓரெழுத்து. படித்தவன் கெடுத்தது ஒரு சொல். பூட்டி வைத்தவனோ முழுவதையும் கெடுத்தான்.

அந்த மூன்றாமவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அவனுடைய சட்டையைத்தான் யான் அணிந்து வருகின்றேன்.

இன்று எந்த மேடையில் ஏறினாலும் இரண்டு செய்திகள் தவறாமற் காதில் விழுகின்றன. உலகம் ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்டது என்பது ஒன்று. ஆகையால் நமது மரபைக் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. கூட்டத்தினர் கைதட்டுகின்றனர், யானும் பலமுறை கைதட்டியிருக்கின்றேன், மேடையில் நின்று அவ்வாறே பேசியுமிருக்கின்றேன். காத்தல் என்ற சொல்லுக்கு யாது பொருள் என்று மாத்திரம் யான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னர், ரொறன்ரோ நகரத்துச் சிறுமி ஒருத்தி அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தாள். அதனைச் சொல்லவே இங்கு எழுதப் புகுந்தேன்.

ஆசிரியரும் நான்கு கொப்பிகளும்

யான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்த காலம் 1990 ஐ அடுத்த ஆண்டுகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பொழுது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து வார்க்கப்பட்டது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அந்தப் பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, சிறு திரி ஒன்றைக் கொளுத்தினால் அதுவே விளக்கு. அந்த விளக்கைச் சுற்றி எங்கள் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் நால்வர் இருந்து படித்தோம். ஆசிரியர் இளைப்பாறிய தமிழாசிரியர். சம்பளம் வாங்கியதில்லை. வெற்றிலை கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்.

அவர் பாடஞ்சொல்லும் முறை தனியானது. உரையாசிரியர் கூறியதை நாங்கள் பிசகாமல் ஒப்பித்தால் மகிழமாட்டார். “அது சேனாவரையர் சொன்னது. அதற்கு நீர் என்ன சொல்லுகின்றீர்?” என்று கேட்பார். எங்களுக்கு வியர்க்கும். முப்பது ஆண்டுகள் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பாடஞ்சொன்னவர் அவர். சொல்லச்சொல்ல எழுந்த ஐயங்களையும் தெளிவுகளையும் நான்கு கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். முதற் கொப்பி கிளவியாக்கத்தோடு நின்றது. ஏனைய மூன்றும் வேற்றுமை முதலாக எச்சவியல் வரையிற் சென்றன.

நோயிற் கிடந்தபோது அந்த நான்கையும் என் கையிலே தந்தார். “தம்பி, இவற்றை வைத்திரும். கேட்டவருக்குக் கொடும்” என்றார். இரண்டு சிறிய வாக்கியங்கள். முன்னதை யான் சிரமேற்கொண்டேன். பின்னதை மறந்தேன். 1994 இல் ஆசிரியர் மறைந்தார்.

எங்கள் நால்வரில் மூத்தவர் என்னினும் பத்து வயது பெரியவர்; மனைவியும் ஒரு மகளும் உடையவர். அவரை அண்ணர் என்றே அழைப்பேன். அவர் ஒருநாள் சைக்கிளில் வந்து, “தம்பி, ஐயாவுடைய கொப்பிகளை ஒருமுறை தாரும். பார்த்து எழுதிக்கொண்டு தருகின்றேன்” என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. உண்மையை எழுதுவதானால் முழுவதையும் எழுத வேண்டும். அந்தக் குறிப்புகளைப் பதிப்பிக்க வேண்டும்; முகப்பிலே பதிப்பாசிரியன் என்று என் பெயர் அச்சாக வேண்டும் என்ற ஆசை என்னுள் இருந்தது. பிறர் கையில் ஒரு பிரதி போனால் அந்தப் பெருமையிற் பங்கு போய்விடுமென்று அஞ்சினேன். இல்லை என்று முகத்துக்கு முன்னே சொல்லவும் கூசினேன். முதற் கொப்பியை மாத்திரம் மூன்று நாட் தவணையிற் கொடுத்தேன். பேனை மை கிடையாத காலம். அண்ணர் மூன்று இரவுகள் விழித்திருந்து பென்சிலால் அதனை எழுதிக்கொண்டு, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்.

“மற்ற மூன்றும், தம்பி?”

“பிறகு பார்ப்போம், அண்ணர்.”

அந்தப் பிறகு வரவேயில்லை.

1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டனர். கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்து சென்ற அந்தச் சனத்திரளில் யானும் ஒருவன். கொப்பிகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். தாயாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். திறவுகோல் மடியில் இருந்தது. சில நாட்களில் திரும்பிவிடுவோம் என்பது எண்ணம். திரும்பியபோது 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. கூரையின் ஒரு பக்கம் விழுந்திருந்தது. பெட்டகத்துப் பூட்டுப் பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். பின்பலகையைத் துளைத்துக்கொண்டு கறையான் உள்ளே புகுந்திருந்தது. ஒரு மாரி மழையும் கறையானுமே போதுமாயின. கொப்பிகள் இருந்த இடத்தில் ஈரமண் இருந்தது.

திறவுகோல் இன்றும் என்னிடம் இருக்கின்றது.

ஏடு வாழ்ந்த வகை

நிற்க. ஏடுகள் இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தது எவ்வாறு என்று சிறிது சிந்திப்போம்.

பனையோலை மிகுந்த ஆயுளுடைய பொருளன்று. பதப்படுத்தி, எழுத்தாணியால் எழுதி, எழுத்துத் தெளிய மையாடி, பூச்சி அரியாதவாறு பேணினாலும், நமது வெப்பத்திலும் ஈரத்திலும் அது சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது. அவ்வாறாயின் ஈராயிரம் ஆண்டு நூல்கள் நமக்குக் கிடைத்தது எப்படி? பழைய ஏடு சிதையுமுன் ஒருவன் புதிய ஏட்டில் அதனைப் பெயர்த்தெழுதினான். அந்த ஏடு சிதையுமுன் வேறொருவன் பெயர்த்தெழுதினான். நமக்குக் கிடைத்தது பழைய ஏடன்று, இடையறாத உழைப்பு. எந்தத் தலைமுறை சோர்ந்ததோ அந்தத் தலைமுறையோடு அந்த நூல் இறந்தது.

பெயர்த்தெழுதினால் மாத்திரம் போதாது. படிக்கத் தெரிந்தவனும் வேண்டும். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஆகவே கரம் என்று எழுதியிருப்பதைக் காமம் என்று ஒருவன் படித்துவிடாவிட்டாலும், காம் என்றும் காம என்றும் படிக்க இடமுண்டு. சொல்லைப் பிரித்தும் எழுதுவதில்லை. பொருள் அறிந்தவனே எழுத்தை அறிவான். எழுத்தை அறிந்து பின்னர்ப் பொருளை அறிவது அச்சுப் புத்தகத்தின் வழி. பொருளை அறிந்து அதனால் எழுத்தைத் துணிவது ஏட்டின் வழி. அதனாலேதான் ஏட்டுக்குப் பக்கத்தில் எப்பொழுதும் ஓர் ஆசிரியன் இருந்தான்.

அந்த உழைப்பு ஊரோடு நின்றதுமன்று. நல்லூர் ஆறுமுகநாவலர் 1849 இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னைக்குக் கடல் கடந்தார். அச்சியந்திரம் அக்காலத்தில் அந்நியர் கொணர்ந்த புதுமை. பாதிரிமார் கையில் இருந்த கருவி அது. எனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுக்கவில்லை. வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நாட்டினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராயினார். தமிழகத்தில் உத்தியோகம் பார்த்தார். அரசாங்க வேலை அவருக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றின் வலிமையால் ஏடு தேடி அலைந்தார். 1868 இல் சொல்லதிகாரச் சேனாவரையத்தை நாவலரைக் கொண்டு பரிசோதிப்பித்து வெளியிட்டார். 1885 இற் பொருளதிகாரமும் 1887 இற் கலித்தொகையும் அவர் முயற்சியால் அச்சேறின. கை பட்ட மாத்திரத்தே உதிரும் ஏடுகளின் நிலையைக் கண்டு அவர் எழுதிய பதிப்புரைகளை இன்று படித்தாலும் நெஞ்சு கலங்கும்.

அவருக்குப் பின் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். பல்லாண்டு பாடஞ்சொல்லித் தொல்காப்பியத்துக்கு அவர் எழுதி வைத்த குறிப்புகளை ஈழகேசரி நா. பொன்னையா கேட்டு வாங்கினார். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் எழுத்ததிகாரம் 1937 இலும் சொல்லதிகாரம் 1938 இலும் வெளிவந்தன. கேட்டவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர். அதனால் அந்தக் குறிப்புகள் இன்றும் உள்ளன. எங்கள் ஆசிரியர் எமக்குப் பாடஞ்சொன்னது அந்த 1938 ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்துக்கொண்டுதான். சேனாவரையர் தொடக்கம் எங்கள் ஆசிரியர் வரை கைமாறி வந்த ஒரு சங்கிலி. அதில் ஒரு கரணையைக் கழற்றிப் பெட்டகத்தில் இட்டுப் பூட்டியவன் யான்.

ஒரே இடத்தில் குவித்து வைப்பதன் ஆபத்தை நமது நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறிடத்திற் பிரதி இருந்த நூலைப் பின்னர் மீட்க முடிந்தது. பிரதி இல்லாதது போயிற்று. அந்தத் தீ மூண்டபோது யான் பாடசாலைச் சிறுவன். அதனை நினைந்து எத்தனையோ கூட்டங்களில் கண்ணீர் விட்டுப் பேசியவன். அப்படிப்பட்டவனே பதினான்கு ஆண்டுகளின் பின் ஒற்றைப் பிரதியைப் பூட்டி வைத்தான் என்றால், பேச்சு வேறு, அறிவு வேறு என்பது விளங்கும்.

சனிக்கிழமை வகுப்பு

யான் பணிபுரிவது கீழைத்தேய மொழிகளைக் கற்பிக்கும் ஒரு பழைய கல்லூரி. ஒருகாலத்தில் திண்ணைவரை மாணவர் இருந்து படித்த வகுப்பில் இப்போது ஐவர் இருக்கின்றனர். ஐவரில் ஒருவன் சென்ற ஆண்டு என்னைக் கேட்டான்: “ஐயா, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” கேட்டது குற்றமன்று. அவன் தந்தை கூலித் தொழிலாளி. என்னிடம் அப்பொழுது தக்க விடை இருக்கவில்லை. தமிழுக்குத் தொண்டு செய்யலாம் என்று மேடைப் பேச்சொன்றைச் சொல்லி அனுப்பிவிட்டேன். வயிற்றைக் கேட்டவனுக்கு வாயால் விடை சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.

இந்நிலையிற் கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்குக் கணினித் திரையிற் பாடஞ்சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்டனர். முதலில் மறுத்தேன். ஆசிரியனும் மாணவனும் ஒருவர் மூச்சு ஒருவர் மேற் படும்படி இருந்து கற்பதே கல்வி. கண்ணாடியைப் பார்த்துப் பேசுவது கல்வியன்று என்று வாதித்தேன். பெருந்தொற்று வந்து பாடசாலைகளை மூடியது. 2020 இல் எனது ஐவருக்கும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே பாடஞ்சொல்ல வேண்டியதாயிற்று. வாதம் தோற்றது. கடல் கடந்த பிள்ளைகளுக்கும் இசைந்தேன்.

சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு வகுப்பு. எனக்கு இருட்டிவிடும். கோயில் மணி கேட்கும். இலண்டனில் அப்பொழுது பிற்பகல். ரொறன்ரோவிற் கோடையாயின் காலை பத்து மணி, மாரியாயின் ஒன்பது மணி. ஒருவன் மாலைச் சிற்றுண்டியோடு இருப்பான். ஒருத்தி நித்திரைக் கண்ணோடு இருப்பாள். ஒருநாள் ஆகுபெயர் பாடம். ஓலை என்பது அதில் எழுதப்பட்ட திருமுகத்துக்கும் பெயராயிற்று என்று சொன்னேன். திரை முழுவதும் மௌனம். ஓலையை அவர்கள் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பனங்குருத்தொன்றை வெட்டி வந்து விளக்கொளியிற் பிடித்தேன். நகத்தாற் கீறி ஓர் எழுத்தையும் எழுதிக் காட்டினேன். அன்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு மணிநேரம் போதவில்லை.

அங்ஙனம் கேட்டவர்களுள் ஒருத்தி பதினொரு வயதுச் சிறுமி. ரொறன்ரோவில் வசிப்பவள். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின்னும் திரையை விட்டுப் போகாமல் நின்றாள். “ஐயா, இது எங்கட அம்மப்பா எழுதினது. அம்மாவுக்கும் வாசிக்கக் கஷ்டமாம். நீங்கள் வாசிப்பீங்களோ?” என்று ஒரு கொப்பியைத் திரைக்கு நேரே விரித்தாள்.

முதல் வரியைப் பார்த்தேன். சொல்லதிகாரக் குறிப்பு. ஆசிரியருடைய வாசகம். அடுத்த வரியை அவள் காட்டுமுன்பே யான் சொன்னேன். எழுத்து அண்ணருடையது.

பிழை பொறுக்க

அண்ணர் 1990களின் பிற்பகுதியிற் கனடாவுக்குச் சென்றார் என்பதை அறிவேன். ஊரில் ஆசிரியராக இருந்தவர். அங்கே உணவுப்பொருட் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. தங்கையின் திருமணம், தாயாரின் மருந்து, வீட்டுக் கூரை என்று ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களிருவருக்குமிடையிற் கடிதம் இருக்கவில்லை. அவர் எழுதவில்லை என்று யான் சொல்லிக்கொள்வதுண்டு. எந்த முகத்தோடு யான் எழுதுவது என்பதே உண்மை. 2021 இல் அவர் காலமானார் என்பதை அவருடைய மகள் அன்று திரையில் வந்து சொல்லித்தான் அறிந்தேன். யான் அவருடைய பழைய நண்பன் என்பது அந்தப் பிள்ளைக்கு அதுவரையில் தெரியாது.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினார்கள். எனக்கு ஒரு வியப்பு இருந்தது. யான் அறிந்தவரையில் அண்ணர் எழுதியது பென்சிலால், பழுப்புத் தாளில். இதுவோ வெள்ளைத் தாளில், மையால் எழுதப்பட்டது. கடைசிப் பக்கம் வந்ததும் விளங்கிற்று. ஏடெழுதுவோர் முடிவில் தம் பெயரும் நாளும் எழுதிப் பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். அண்ணரும் அவ்வாறே எழுதியிருந்தார். பென்சில் எழுத்து மங்கி வருவதால் மறுபடி பெயர்த்தெழுதினேன், இரவு வேலை விட்டு வந்து எழுதியது, ரொறன்ரோ, 2003 தை, பிழை பொறுக்க. இவ்வளவே.

இரவெல்லாம் நின்று வேலை செய்து, தை மாதத்துப் பனியில் வீடு வந்து சேர்ந்து, யாரும் கேளாத ஒரு குறிப்பை, யார் படிப்பார் என்று அறியாமல், இரண்டாம் முறையும் ஒருவர் எழுதியிருக்கின்றார். அவர் எந்த மேடையிலும் மரபைக் காப்போம் என்று பேசியதாக யான் கேட்டதில்லை. அவருக்குக் கிடைத்தது நான்கில் ஒன்று. அந்த ஒன்றும் இன்று இருக்கின்றது. எனக்குக் கிடைத்தவை நான்கும், ஒன்றும் இல்லை. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து விளக்கை ஏற்றிவிட்டுப் போனார். ஏன் இருட்டில் இருக்கின்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

உயர்திணையும் அஃறிணையும்

முதற் கொப்பி கிளவியாக்கக் குறிப்பு என்றேனல்லவா? அதில் திணைப் பாகுபாடே முதற் பொருள். மக்கட்சுட்டு என்ற சொல்லின் மேல் ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருக்கின்றார். மக்கள் என்று சுட்டப்படும் பொருள் உயர்திணை என்றால், சுட்டுபவன் ஒருவன் வேண்டும். எழுதிவந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, “சுட்டுவோன் கடமை யாது?” என்று ஒரு வினாவை மாத்திரம் போட்டுவிட்டுக் கீழே இடம் விட்டிருக்கின்றார். அண்ணரும் அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டிருக்கின்றார். மக்களைத் தொகையாகவும் எண்ணிக்கையாகவும் மாத்திரம் செய்திகள் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட வினா அது. முன்பு இலக்கண வினாவாகவே அதனைப் படித்தேன்.

இந்தப் பகுதியைச் சனிக்கிழமை வகுப்பிற் பாடமாக வைத்தேன். அந்தச் சிறுமி கேட்டாள்: “ஐயா, கைப்பேசியிலே கேட்டால் தமிழிலே பதில் சொல்லுற இயந்திரம் இருக்குத்தானே? அது உயர்திணையோ, அஃறிணையோ?”

அஃறிணை என்றேன். பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்று ஒருவன் சொன்னால், உவப்பினால் வந்த வழு என்று இலக்கணம் அமைத்துக்கொள்ளும். அவ்வளவே என்றும் விளக்கினேன். “அந்த இயந்திரத்தின்மேல் உனக்கு உவப்பு உண்டோ?” என்று கேட்டேன். “ஓம் ஐயா, அது கோபிக்கிறதில்லை” என்றாள். இலண்டன் சிரித்தது. யான் கோபக்காரன் என்ற செய்தி கடல் கடந்தும் போயிருக்கின்றது.

பின்னர் என் கல்லூரி மாணவனைக் கொண்டு அந்த இயந்திரத்திடம் சேனாவரையரைப் பற்றிக் கேட்பித்தேன். தயங்காமல் விடை சொல்லிற்று. சில சரி, சில பிழை. பிழையையும் சரியைப் போலவே தயங்காமற் சொல்லிற்று. எங்கள் ஆசிரியரைப் பற்றிக் கேட்டோம். அதற்கு ஒன்றுந் தெரியவில்லை. அதன்மேற் குற்றமில்லை. கொடுத்தாலன்றோ அது அறியும்? மூன்று கொப்பிகளை மண்ணுக்குக் கொடுத்தவன் பக்கத்தில் இருந்துகொண்டு இயந்திரத்தைக் குறை கூறுவது முறையன்று.

வேலை கேட்ட மாணவனுக்கு அன்றுதான் ஒரு விடை சொன்னேன். “தம்பி, இந்தப் படிப்பு உமக்குச் சம்பளம் தரும் என்று யான் பொய் சொல்லமாட்டேன். தாமோதரம்பிள்ளைக்கு உத்தியோகம் சோறு போட்டது. அண்ணருக்குத் தொழிற்சாலை சோறு போட்டது. உமக்கும் ஏதோ ஒன்று போடும். கணினித் தொழிலானாலும் நன்று. வெளிநாடு போனாலும் நன்று. ஆனால் அந்த இயந்திரம் இப்பொழுது சொன்ன பிழையைப் பிழை என்று கண்டுபிடிக்க உம்மால் முடிந்ததே. அதற்கு இந்த வகுப்பு வேண்டியிருந்தது. போகும்போது அதைக் கொண்டுபோம்.” அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து, அண்ணருடைய கொப்பியைத் தட்டெழுத்தில் ஏற்றத் தொடங்கினான். யான் ஒப்புநோக்குகின்றேன். ரொறன்ரோவிலிருந்து சிறுமி, படத்தில் தெளிவில்லாத எழுத்தை மூலத்திற் பார்த்துச் சொல்லுகின்றாள். இப்போது அவளுக்கு அம்மப்பாவின் எழுத்து ஓரளவு வாசிக்க வருகின்றது.

திறந்து பாருங்கள்

இக்காலத்துப் பெயர்த்தெழுதுவோர் பலர் உளர். 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்ற அறிவியலறிஞர் முன்னின்று தொடக்கிய அம்முயற்சியில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதிப் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினர். 2005 இல் நம்மவர் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணி, யாரும் எங்கிருந்தும் படிக்குமாறு வைத்திருக்கின்றது. பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றின் துணையோடு ஈழத்து ஓலைச்சுவடிகளும் மின்வடிவாக்கப்பட்டுள்ளன. அச்சியந்திரம் வாங்கக் கடல் கடந்தவர் இன்று இருந்தால் இவற்றில் எதனையும் ஒதுக்கியிருக்கமாட்டார்.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். படம் பிடித்து வைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுதல் என்னுடைய பழைய பிழையின் புதிய வடிவம். படிக்க ஆள் இல்லாத ஏடு, எந்த நாட்டில் எத்தனை பிரதியாக இருந்தாலும், பூட்டிய ஏடுதான். எழுதுவோனும் வேண்டும், அதனைப் படித்துக் காட்டுவோனும் வேண்டும். அவன் திண்ணையில் இருந்தாலென்ன, திரையில் இருந்தாலென்ன?

இதனைப் படிக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கின்றேன். உங்கள் வீட்டு அலுமாரியில், பாட்டனாரின் பெட்டகத்தில், பரணில், ஏதோ ஒன்று இருக்கும். ஒரு வைத்தியவாகடம், கோயிற் கணக்கு, ஊர்ப்புலவர் ஒருவரின் அச்சேறாத பதிகம், மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர் எழுதிய கடிதக் கட்டு, இளைப்பாறிய ஆசிரியரின் பாடக்குறிப்பு. நல்ல நாள் பார்க்க வேண்டாம். இன்றைக்கே திறந்து பாருங்கள். கேட்பவர் இருந்தால் கொடுங்கள். கேட்பவர் இல்லையானால், கேட்க வைக்கும்படி படித்துக் காட்டுங்கள். பின்னர் என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.

எங்கள் ஆசிரியரின் முதற் கொப்பி தட்டெழுத்தாகி முடிந்தது. மூன்று நாடுகளில் அதன் பிரதி இருக்கின்றது. இணைய நூலகத்துக்கும் கொடுத்துவிட்டோம். முகப்பில் ஆசிரியர் பெயரும், பெயர்த்தெழுதியவர் என்று அண்ணர் பெயரும் உள்ளன. என் பெயர் இல்லை. இறுதிப் பக்கத்தில், அண்ணர் எழுதிய முடிவுரையின் கீழே, ஏனைய மூன்று கொப்பிகளும் யாரால் எவ்வாறு அழிந்தன என்பதை நான்கு வரியில் எழுதியிருக்கின்றேன். அந்த நான்கு வரியின் முடிவிலும் பழைய வழக்கப்படி இரண்டு சொற்களை எழுதினேன்.

பிழை பொறுக்க.